துணைக்கால் அடுத்த வரியில்

ஜூன் 3

இன்று எனக்குப் புது உத்தியோகம். அண்ணன் மகள் கொடுத்தாள். சம்பளம் கிடையாது, பதவி பெரிசு: தமிழ்ப் பரிசோதகர்!

பல தேசத்து ஆட்கள் சேர்ந்து இலவசமாகச் செய்கிற ஒரு கறுப்புத் திரை புரோகிராம். டெர்மினல் என்கிறாள். கட்டளை அடித்தால் பதில் எழுத்தாக ஓடும். வரி நீண்டால் அதுவே மடித்து அடுத்த வரிக்கு அனுப்பும். இங்கிலீஷை ஒழுங்காக மடிக்கிறது. தமிழை எழுத்துக்கு நடுவில் வெட்டுகிறது. ஓரத்தில் ‘கொ’ வந்தால் கொம்பும் ககரமும் மேலே நிற்கும், துணைக்கால் மட்டும் கீழ் வரியில் தனியாகக் கிடக்கும்.

“நான் திருத்தியிருக்கேன் சித்தப்பா. எங்கயாவது இன்னும் வெட்டுதான்னு நீங்கதான் படிச்சுப் பாக்கணும்.”

“என்னை விட்டா இந்த ஊர்ல வேற யாரு இருக்கா?” என்றேன். எட்டாம் வகுப்பில் தமிழில் நான்தான் முதல். அந்த வகுப்பிலேயே இரண்டு வருஷம் இருந்தேன் என்பது வேறு விஷயம்.

ஜூன் 9

அவள் எழுதியதைக் காட்டினாள். நான் லிஃப்ட் மெக்கானிக், எனக்குத் தெரியாத மெஷினா? சொன்னேன்: “ஆள் முழுசா ஏறாம கதவை மூடினா கால் வெளிய நிக்கும். முழு எழுத்துக்கு இடம் இருந்தா ஏத்து. இல்லையா, முழு எழுத்தையும் அடுத்த ட்ரிப்புல அனுப்பு.”

“அதைத்தான் சித்தப்பா நான் நூத்தி இருபது வரியில எழுதியிருக்கேன்!” சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு.

ஒர்க்‌ஷாப்பில் பாதி புரோகிராம் என்னுடையது என்று சொல்லிவைத்தேன். பாதி கொஞ்சம் அதிகம். கால்வாசி.

சாயங்காலம் அனுப்பிவிட்டாள். சரிபார்க்கிற அம்மாள் வேறு தேசம். முகத்துக்குப் பதில் ஆந்தைப் படம் வைத்திருப்பதால் எங்களுக்கு அவர் ஆந்தை. ஆந்தை சரியென்றால்தான் புரோகிராமில் சேரும்.

ஜூன் 14

பிள்ளை போய்விட்டாள்.

ஜூன் 29

தலைவலி என்று படுத்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். இருபத்தெட்டு வயசு. இதை எப்படி எழுதுவது? எழுதிவிட்டேன்.

வந்தவர்களிடம் நான் வாய் ஓயாமல் பேசினேன். பெரிய பெரிய கம்பெனிக்காரர்கள் வாசலில் வந்து காத்துக் கிடந்தார்கள், இவள்தான் மாட்டேன் என்றாள் — இப்படி. பேச்சை நிறுத்தினால் அழுதுவிடுவேனோ என்று பயம். அண்ணன் காதில் விழுந்தது.

“நிறுத்துடா. அவ இருந்த மாதிரியே போதும்.”

அவளுடைய லாப்டாப் கூடத்தில் திறந்தபடியே இருந்தது. கடிதம் வந்தால் மணி அடிக்கும். அடிக்கும்போதெல்லாம் அண்ணிக்கு உடம்பு தூக்கிப் போட்டது. என் அறைக்கு எடுத்து வந்துவிட்டேன்.

ஜூலை 2

ஆந்தையிடமிருந்து கடிதம். போனில் தமிழாக்கிப் படித்தேன். திரையைச் சுருக்கி மறுபடி விரித்தால் மடிந்த வரி பழையபடி ஒன்று சேருமா என்று கேட்கிறார். மூன்று வாரமாக உன் பதில் இல்லையே, மாதக் கடைசிக்குள் வராவிட்டால் இதை மூடிவிட வேண்டிவரும் என்கிறார்.

மூடுவதா? பிள்ளை கடைசியாகச் செய்ததையா?

அவள் பேரிலேயே பதில் போட்டேன். ‘சின்னக் காய்ச்சல். இப்போது தேவலை. பார்த்துச் சொல்கிறேன்.’

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்? இத்தனை வருஷம் கூட்டிக் கூட்டிச் சொல்லிப் பழகின கை, தானாக அடித்துவிட்டது. ஆனால் அடிக்கும்போது — வேறு யாரிடமும் சொல்லமாட்டேன் — சந்தோஷமாக இருந்தது. வெறும் காய்ச்சல்தானே. தேவலைதானே.

ஜூலை 3

‘உடம்பைப் பார்த்துக்கொள், சீக்கிரம் குணமாகு.’ பத்துத் தடவை படித்தேன்.

ஜூலை 8

வேலை முடிந்து வந்து தினமும் சோதனை. கொஞ்சம், பொறு, போகாதே, எங்கே போனாய் — துணைக்கால் வருகிற வார்த்தையாகப் பார்த்து அடித்தேன். திரையைச் சுருக்கினேன், விரித்தேன். ஒவ்வொரு தடவையும் துணைக்கால் தன் எழுத்தோடேயே போய்த் தன் எழுத்தோடேயே திரும்பி வந்தது. எவ்வளவு சுத்தமா செஞ்சிருக்கா!

ஜூலை 11

குற்றம் கண்டுபிடித்தேன். திரையை ஒரே ஒரு கட்டம் — இங்கிலீஷில் ஒரு எழுத்து நிற்கிற இடம் — அகலத்துக்கு நெருக்கினால் புரோகிராம் அப்படியே உறைந்துபோகிறது. ‘கொ’வுக்கு இரண்டு கட்டம் வேண்டும். இந்த வரியில் இடமில்லை, அடுத்ததில் இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. முழுசாக ஏறினால்தான் கதவு மூடும் என்று சொல்லிவைத்தால், ஆளைவிடச் சின்ன லிஃப்டில் என்ன செய்வது?

ஆந்தைக்கு எழுதினேன். எனக்குத் தோன்றவே இல்லை, பிரமாதம் என்று அவளைப் பாராட்டியிருக்கிறார். இரண்டு வரியில் அவரே சரிசெய்துவிடுகிறாராம்.

ஜூலை 15

‘எல்லாம் தயார். சேர்த்துவிடலாமா? நீ சொன்னால் போதும்.’

பதில் போடவில்லை.

ஜூலை 18

இன்றும் போடவில்லை. இன்னும் ஒரு குற்றம் கிடைக்காதா என்று தேடுகிறேன். சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. அப்புறம் யார் அவளை ‘நீ என்ன நினைக்கிறாய்’ என்று கேட்பார்கள்? இந்த உலகத்தில் அவளிடம் பதில் எதிர்பார்க்கிறவர் அந்த ஒரு அம்மாள்தான். அதையும் நானே முடித்துவைக்கணுமா?

ஜூலை 19

துவைத்த துணியை வைக்க வந்த அண்ணி, போனில் நான் தமிழாக்கி வைத்திருந்த கடிதத்தைப் பார்த்துவிட்டார். மேலே மகள் பேர். கீழே ‘சீக்கிரம் குணமாகு’.

“தம்பி… யாருக்குக் குணமாகணும்?”

ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். அண்ணி கட்டிலில் உட்கார்ந்தார்.

“அப்போ ஒருத்தி இன்னும் அவ இருக்கான்னு நெனச்சிட்டிருக்காளா?”

“ஆமா அண்ணி.”

“எனக்கு அந்தம்மா மேல பொறாமையா இருக்கு தம்பி.”

கொண்டுவந்த துணியை ஒவ்வொன்றாக மடித்து வைத்தார். எழுந்திருக்கும்போது சொன்னார்: “சொல்லிடுங்க. பாவம், தெரியாம கேட்டுக்கிட்டே இருப்பா.”

ஜூலை 20

நாலு வரி எழுத நாலு மணி நேரம். அவள் ஜூன் 14 அன்று இறந்துவிட்டாள். இதுவரை எழுதியது நான், அவள் சித்தப்பா. அவள் செய்தது சரியாக இருக்கிறது. சேர்த்துவிடுங்கள்.

ஜூலை 22

ஆந்தை திட்டவில்லை. தன் சொந்த மனுஷியைப் பறிகொடுத்தவர் போல நீளமாக எழுதியிருக்கிறார். ஒரு கட்டக் குற்றத்தைக் கண்டுபிடித்ததற்கு உங்கள் பேரையும் போடட்டுமா என்று கேட்டார். அவள் பேர் மட்டும் போதும் என்றேன். எனக்குக் கால்வாசிகூட வேண்டாம்.

ஜூலை 24

சேர்ந்துவிட்டது.

புது புரோகிராமைப் போட்டுத் திறந்தேன். அண்ணன் வாசற்படியில் நின்றான், உள்ளே வரவில்லை. அண்ணி என் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, ஒற்றை விரலால் மகள் பேரை அடித்தார். பேர் நடுவில் ஒரு ‘கோ’ உண்டு. இடம் விடாமல் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே போனார். ஓரம் வந்ததும் மடிந்தது, மறுபடி ஓரம், மறுபடி மடிந்தது. எங்கேயும் பிரியவில்லை.

பதினேழு வரி. எண்ணித்தான் எழுதுகிறேன்.