உனக்காகக் கிராங் சுற்றிய கை

போன ஞாயிறு அஜின்கோர்ட் தமிழ்க்கடைக்குக் கொத்துரொட்டி வாங்கப் போன நான், யாருடையதோ பழைய டீசல் காரின் பொனற்றில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். கண்ணையும் மூடியிருந்தேனாம். உள்ளே எஞ்சினை ஓடவிட்டு இருந்த பெண் பதறிப்போய் இறங்கினாள். "அங்கிள், நெஞ்சு நோகுதோ? அம்புலன்ஸுக்கு அடிக்கட்டே?"

"இல்லைப் பிள்ளை. உங்கட எஞ்சின்ர டைமிங் செயின் இளகிப்போச்சுது."

என் மகள் பார்சலோடு அடுத்த கடைக்குள் புகுந்து, என்னை முன்பின் தெரியாதவள்போல் நின்றுகொண்டாள்.

மச்சான், அந்தச் செயினின் கிலுகிலுப்பில் உன் ஞாபகம்தான் வந்தது.

வெக்ஸ்போர்ட் கராஜில் டைமிங் செயின் மாற்றுகிற வேலைக்கு எப்போதும் நாங்கள் இரண்டு பேர். பழைய செயினை மேலே வெட்டி, அதன் நுனியில் புதியதைக் கோர்ப்பாய். நான் கீழே ஸ்பானரால் எஞ்சின் தண்டான கிராங்கைச் சுற்ற, நீ இரண்டு பக்கமும் தளரவிடாமல் பிடித்திருப்பாய். பழையது வெளியே வர, புதியது உள்ளே போகும். பல்சக்கரத்தில் ஒரு பல்லுத் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் அவ்வளவுதான்.

"நித்திரைப் பிள்ளையைத் திருப்பிப் படுக்க வைக்கிற மாதிரிச் சுத்தடா" என்பாய். பிறகு, "நில்." எழும்பிப் பார்த்தால் சக்கரங்களில் இருக்கும் குறிகள் இரண்டும் நேருக்கு நேர் நிற்கும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாற சனம் என்னைக் கண்டதும், "மற்ற அண்ணை இல்லையோ?" என்று கேட்கும். வீட்டில் என் மனிசி இவளும் விடமாட்டாள். "அவர் திருத்தின கார் பாடுது. உங்கட கை பட்டா மட்டும் ஏன் உது இருமுது?" பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்கில் இருந்தபோதுகூட முதல் பிள்ளையைப் பார்த்து நான் இப்படி எரிந்ததில்லை.

ஒருமுறை தடிமன் காய்ச்சலில் இரண்டு நாள் படுத்துவிட்டு வந்தால், என் இடத்தில் குந்தியிருக்கிறான் செல்வம், தமிழ்நாட்டுக்காரன். நீ "நில்" என்றதும், "சரிங்கண்ணே!" என்கிறான். நான் ஒருநாளும் உனக்குச் 'சரி' சொன்னதில்லை. "தெரியுமடா" என்றுதான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு உன் கைமேல் இருந்த பொறாமை அப்படியே அவன் கைமேல் இடம் மாறியது. அவன் சுற்றியதிலும் குறிகள் நேராகவே நின்றன. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பிறகு உனக்குத் தூரத்தில், ஸ்ரௌவ்வில் பக்கம் லொறிக் கராஜில் வேலை கிடைத்தது. கூட ஒருவனைக் கொண்டுவரலாம் என்றார்களாம். கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிவளைத்துக் கேட்டாய்.

"உனக்கு இஞ்ச நல்லம்தானே? பிள்ளையளின்ர பள்ளிக்கூடமும் கிட்ட."

"எனக்கென்ன குறை? செல்வத்தைக் கூட்டிக்கொண்டு போ. மரியாதை தெரிஞ்சவன்."

என்னையே கொஞ்சம் பார்த்தாய். "அப்ப சரி" என்றாய்.

ஒருநாள் இவள் சுட்ட ரோல்ஸைச் சாட்டாக வைத்துக்கொண்டு அங்கே வந்தேனே, ஞாபகமா? வாசலில் நிற்கும்போது உள்ளே நீ "நில்" என்றாய். செல்வம் நின்றான். ரோல்ஸ் பெட்டியோடு என் மணிக்கட்டும் அந்தச் சொல்லுக்கு நின்றது.

"என்னடா, திடீரெண்டு?"

"சும்மா."

உன் செத்த வீட்டில் செல்வம் விம்மி விம்மி அழுதான். நான் தொடங்குமுன் அவன் தொடங்கிவிட்டான். அதிலும் எனக்கு இரண்டாம் இடம்தான், மச்சான்.

இப்போது ஊறுகாய்ப் போத்தலைத் திறந்தாலும் என் கை மெல்லத்தான் சுற்றுகிறது. பாதியில் நின்று, யாரோ 'நில்' சொல்லட்டும் என்று காத்திருக்கிறது. "என்னப்பா, உதையும் திறக்க ஏலாதோ?" என்று இவள் வாங்கித் திறந்துவிட்டுப் போகிறாள்.

அன்றைக்கு உன் கையில் அந்தக் கோப்பி ஆறும்வரை என் வாய்க்குள் கிடந்தது இவ்வளவுதான்: என்னைக் கூட்டிக்கொண்டு போடா.