தெர்மாகோல் விமானம்

செவ்வாய் இரவு, புதூர்நாடு.

சோறு இறங்கவில்லை. என்னை நினைத்தாலே வெறுப்பாக இருக்கிறது.

மலைப்பெண்கள் பன்னிரண்டு பேருக்குக் கணினியில் கணக்கு எழுதக் கற்றுத்தர வந்தேன். நேற்றிலிருந்து மின்சாரம் இல்லை. இரண்டு நாளும் அணைந்துகிடந்த திரைகளைக் காட்டியே பேசினேன். இன்று மதியம் படம் எடுக்க வந்த பயிற்சித் திட்ட ஒருங்கிணைப்பாளர், என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த விமானத்தைப் பார்த்துவிட்டார். நானும் என் மகள் பாப்பாவும் தெர்மாகோலில் செய்தது. மலை விளிம்பிலிருந்து பறக்கவிடுவதாக அவளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

"ட்ரோன் மாதிரியே கீது மேடம். ட்ரோன் பயிற்சின்னே போட்டுக்கலாம். எல்லாரும் சுத்தி நில்லுங்க."

"சார், இதுல மோட்டாரே இல்ல."

"போட்டோல மோட்டாரா தெரியப் போவுது?" என்று இறக்கையை அழுத்திப் பிடித்து நடுவில் நின்றார்.

ட்ரோன் பயிற்சி அளித்ததாக அவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். மறுத்தால் அடுத்த ஊருக்கு வேறு ஆளைக் கூப்பிடுவார். இந்த வேலையும் போய்விட்டால்...

புளி உடைக்கிற வேலையை விட்டுவிட்டு வந்த மல்லிகா மட்டும் கிளம்பாமல் நின்றாள். "இன்னா கத்துக்கினேன்னு வூட்ல கேட்டா இன்னா மேடம் சொல்றது?"

பையைக் கட்டினேன்.

ராத்திரி பாப்பா போனில் கேட்டாள். "பறந்துச்சாம்மா?"

"ரொம்ப தூரம் பறந்துச்சுடா."

கையெழுத்துப் போடும்போது கை கொஞ்சம் தயங்கியது. பாப்பாவிடம் இந்தப் பொய்யைச் சொல்ல அந்தத் தயக்கம்கூட இல்லை. இறக்கையில் அந்த ஆளின் கட்டைவிரல் பள்ளம் அப்படியே இருக்கிறது. நாளை வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் அதைத்தான் முதலில் பார்ப்பாள்.