அப்பா பதிந்த வெள்ளித் தகடு

தீஜோன், 1844 ஏப்ரல் 12

அன்பு மகன் ஆன்செல்முக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் தங்கை ஒதீலும் நலம், நியூ ஆர்லியன்ஸில் உங்கள் மூவரையும் மஞ்சள் காய்ச்சல் அண்டக்கூடாதென்று தினமும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். அப்பா போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்திருக்கும். பேரனுக்குக் காட்ட அவர் முகம் வேண்டுமென்று கேட்டிருந்தாயே ராசா, அதில்தான் நான் ஒரு பாவம் செய்துவிட்டேன், முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

போன செப்டம்பரில் பாரீஸிலிருந்து ஒரு படக்காரர் வந்து கோயில் பக்கம் கடை போட்டார். தூரிகை கிடையாது, வெயிலே வரைகிற படம். பிசாசு வேலைடி, நான் வரமாட்டேன் என்று அப்பா முரண்டு பிடித்தார், உனக்காக என்றதும் கல்யாணக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவையை முட்டுக்கொடுத்து ஆடாமல் உட்கார வைத்தார்கள். உன் அப்பாவாவது சும்மா இருப்பதாவது! ஆனால் இருந்தார். மூக்கில் ஈ உட்கார்ந்தும் அசையவில்லை. எழுந்ததும், பையனுக்காக ஒரு நிமிஷம் செத்துப் பாத்துட்டேன்டி என்று சிரித்தார். பாதரச ஆவி காட்டி, வெள்ளி பூசிய ஒரு சாண் தகட்டை நீட்டினார்கள். அப்பாவே தான்! நான் கோணலாகத் தைத்த பொத்தான், புருவத்தில் நீண்டு நிற்கும் அந்த ஒற்றை மயிர், எதையும் வெயில் விடவில்லை. படைத்தவன் தன் கண்ணையே மனிதனிடம் தந்துவிட்டானோ என்று சிலுவை போட்டுக்கொண்டேன்.

போன வாரம் உனக்கு அனுப்ப எடுத்தால் முகத்தில் நீலமாய் ஏதோ படிந்திருந்தது. முப்பது வருஷம் பெரிய வீட்டில் வெள்ளிப் பாத்திரம் துலக்கிய கை சும்மா இருக்குமா? ஓரம் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்து, மேலே மூடியிருந்த கண்ணாடியை எடுத்து, மெல்லிய தோலால் ஒரே ஒரு தேய். மேல் பாதி போயே போய்விட்டது ஆன்செல்ம். உன் அப்பா முகம் சாம்பல் தூசியாய் என் கையில் இருந்தது. படக்காரரிடம் ஓடினேன். அவர் தகட்டைப் பார்த்துவிட்டு, அது பட்டாம்பூச்சி இறகுத் தூள் மாதிரிம்மா, திரும்ப எடுக்கணும்னா ஆளு வேணுமே என்று தலைகுனிந்துகொண்டார்.

மூன்று நாள் நான் அதைத் தொடவில்லை. நேற்று ஒதீல் அதை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். தேய்த்த இடம் முகம் பார்க்கும் கண்ணாடியாய் மின்னுகிறது, கீழே கோட்டும் கோணல் பொத்தானும் கைகளும் அப்படியே இருக்கின்றன. அம்மா, இதை அண்ணனுக்கே அனுப்பு, அப்பா முகத்தை உரிச்சு வச்சது அவன்தானே என்றாள். அனுப்பியிருக்கிறேன்.

மாதா உங்களைக் காக்கட்டும். குழந்தைக்குக் குளிர் படாமல் பார்த்துக்கொள். தகட்டைத் துடைத்துவிடாதே. பேரனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் நின்று, அந்தக் கோட்டுக் கழுத்துக்கு மேலே உன் முகம் வந்து உட்காரும்வரை சாய்த்துப் பிடி. அப்புறம் அசையாதே. தாத்தா பாரு என்று சொல்.

உன் அம்மா,
கிளோதில்த்