மாமா பெயரைச் சொல்லாத மேடை

என் பிள்ளைகளின் அப்பாவுக்கு, சலாம். அல்லாஹ்வின் கருணையால் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? மேய்ச்சல் மலையில் போன் சிக்னல் கிடைக்காததால் எழுதுகிறேன்.

ஞாயிறன்று இங்கே மாஸ்கோவில் நம் மகள் நுர்ஜாத் எடுத்த படத்தைக் காட்டினார்கள். அவள், நான், என்னோடு ஓட்டலில் பாத்திரம் கழுவும் சைக்கால், நம் ஊர் நாரின் பக்கத்து ஆட்கள் நாற்பது பேர், ரஷ்யர்கள் சிலர் இருந்தோம்.

பனியில் நம் மந்தை செத்ததையும், மிஞ்சிய பதினோரு ஆடுகளோடு உங்கள் அப்பா மறுபடி மலையேறியதையும் இரவல் கேமராவிலேயே அப்படி எடுத்திருக்கிறாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

படம் முடிந்ததும் என்னை மேடையேற்றி, "அந்தப் பெரியவர் பேர் என்னம்மா?" என்று ஒரு ரஷ்யப் பையன் கேட்டான். மாமனார் பெயரை நான் எப்படிச் சொல்வது?

"குதிரை லாடத்தை எந்த உலோகத்துல செய்வாங்களோ, எங்க பாஷைல அதான் பேரு" என்றேன்.

"லாடமா?" என்று விழித்தான்.

"அட மக்கு, அவ மருமகடா! வாயே திறக்க மாட்டா, நான் சொல்றேன்" என்று சைக்கால் எழுந்து பெயரைக் கூவினாள். நம் ஆட்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அடுத்த மாதம் நுர்ஜாத் படத்தை நம் ஊரில் காட்டப்போகிறாள். செத்த ஆடுகளின் நடுவே மாமா அழுவதும் அதில் வருகிறது. "தாத்தா வேணாம்னா அதை வெட்டிடுறேம்மா" என்கிறாள்.

காய்ந்த தயிர் உருண்டை கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே விற்பது நம் வீட்டு ருசியாக இல்லை. தொழுகைக்கு நேரமாகிறது. அந்தக் காட்சி இருக்கலாமா என்று மாமாவைக் கேட்டுச் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.