பதில் கூவும் சேவல்

மாசி 21, வியாழன்

விடியலில் பனி. பத்து மணிக்கே சட்டை நனையும் வெயில். பள்ளிக்கூடத்துக்கு மட்டம், அப்பா உத்தரவு. அவரோடு அய்யலூர்ச் சந்தை. ஞாயிறன்று அக்காவையும் கைப்பிள்ளையையும் கூட்டிப்போகச் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், பதினோரு பேர். விருந்துக்கு இரண்டு கோழி, ஒரு சேவல்.

பஸ்ஸில் கால் கட்டிய சேவல் என் மடியில். சும்மா இராமல் கூவிக் காட்டினேன். அது பதில் கூவியது.

கண்டக்டர்: "ஏலே, யாருக்குடா டிக்கெட்டு? உனக்கா, அதுக்கா?"

"ரெண்டு பேருக்கும் அரை டிக்கெட்டுண்ணே."

பஸ்ஸே சிரித்தது. அப்பா மட்டும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்று வருஷமாகக் கூவுகிறேன். பதில் வந்தது இதுதான் முதல் தடவை. பெயர் வைத்தாயிற்று: ஜமீன்தார்.

மாசி 22, வெள்ளி

வேலைகள்: ஒட்டடை, விறகு, வாடகைப் பாத்திரம், தலைக்கு எண்ணெய். (புதன் வகுப்பு போட்டோ. முன்முடிச் சுருள் நிற்கவேண்டும்.)

புதுக் கோழி வீடு பழகும்வரை ஓடிவிடுமாம். மூன்றும் முருங்கைமரத்தில் கட்டு. நான் எங்கிருந்து கூவினாலும் ஜமீன்தார் பதில். கக்கூசிலிருந்தும் சோதித்தாயிற்று.

அக்கா: "பிள்ளை முழிக்குதுடா! ஒங்க ரெண்டு பேரையும் சேத்து அறுக்கணும்."

சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

மாசி 23, சனி

அம்மா மசாலா அரைத்தபடி, "நாளைக்கு மொதல்ல சேவல. முத்துனது, வேக நேரமாகும்."

வாய் முந்திக்கொண்டது. "அது சாமிக்கு நேர்ந்ததும்மா."

அம்மாவின் கை நின்றது. "எதுக்குடா?"

"பரீட்சைக்கு."

"யாருக்கு, நம்ம கருப்பனுக்கா?"

தலை தானாக ஆடியது. அம்மா எழுந்து, கை கழுவி, ஜமீன்தாரைத் தொட்டுக் கும்பிட்டாள். பொய்க்கு ஒரு கும்பிடு. ஆனாலும் பிழைத்தான்.

சாயங்காலம் அப்பா வந்ததும் அம்மா சொன்னாள். அவர்: "நல்லதாப் போச்சு. சம்பந்திகளையும் கூட்டிக்கிட்டு நாளைக்கே கருப்பன் கோயிலுக்குப் போயிருவோம். அங்கனயே அறுத்து, அங்கனயே ஆக்கிச் சாப்பிடுவோம்."

வண்டிக்கும் சொல்லியாயிற்று.

சம்பந்தி வராமல்கூடப் போகலாம். கருப்பன் பலியை விடுவாரா? நேர்ந்தது நேர்ந்துவிட்டது. ஜமீன்தார் இரண்டு தடவை கூவினான். நான் பதில் சொல்லவில்லை.

மாசி 24, ஞாயிறு

வண்டி வாசலில். சம்பந்திகள் கையில் காபி. அப்பா ஜமீன்தாரின் இறக்கையைப் பிடித்துவிட்டார்.

"அப்பா, கருப்பனுக்கு இல்ல. பழனி முருகனுக்கு. கருப்பன்னு சொன்னது அம்மாதான்."

முருகன் சேவலைக் கொடியில் வைத்திருக்கிறார். குழம்பில் கேட்கமாட்டார்.

அம்மா: "ஏலே, ஒரு சாமிக்கு நேர்ந்தத இன்னொரு சாமிக்கு மாத்துனா கண்ணக் குத்தும்ல!"

அக்கா மாமனார் தம்ளரைக் கீழே வைத்தார். அப்பா செத்த நேரம் என்னையே பார்த்தார். கண்ணை அல்ல, அதற்குக் கொஞ்சம் மேலே.

"முருகனுக்கா? அப்பச் சரி." கையை எடுத்தார். "பழனிக்கு வெறும் சேவலயா நேர்ந்திருப்ப? முடியையும் சேத்துத்தான?"

எல்லோர் கண்ணும் என்மேல். ஜமீன்தாரும் ஒருபக்கக் கண்ணால்.

"ஆமாப்பா," என்றேன்.

அம்மா கருப்பனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்தாள். கோயில் பயணம் ரத்து. இரண்டு கோழி, பதினோரு விருந்தாளி. எனக்குக் குழம்பு மட்டும்.

மாசி 25, திங்கள்

முதல் பஸ். பழனி. மொட்டை. காதுக்குப் பின்னால் ஒரு கீறல், அதில் சந்தனம் எரிகிறது. கோழி வாங்கப் போனவனுக்கு முட்டை இல்லை, மொட்டை.

ஜமீன்தாரைக் காணிக்கையாக விட்டோம். கால்கட்டை அப்பாவே அவிழ்த்தார். அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம் சேவல்கள். தெருமுனைவரை நடந்தோம். அங்கே அப்பா நின்றார்.

"கூவுறதுன்னா இப்பக் கூவிக்கடா."

கூவினேன். ஏழெட்டுப் பதில்கள். எது அவன் என்று தெரியவில்லை. தலை சுட்டது.