ஆடிக்கு முன்பே இறக்கிய முடி

மே 12, செவ்வாய்

நாளைக் காலை சென்னை ஆஸ்பத்திரியில் என் மனைவி அமுலுவுக்கு முதல் மருந்து ஏற்றுகிறார்கள். மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டிதான் என்று தெரிந்ததிலிருந்து டாக்டர் அவசரப்படுத்துகிறார். இவளோ ஆடிக் கிருத்திகை முடியட்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். பேரன் நல்லபடி பிறக்க முருகனுக்கு நேர்ந்துகொண்ட முடி இருக்கிறதாம். மருந்து ஏறினால் அது கொட்டிவிடும்.

"சாமிக்குச் சொன்னத ஆஸ்பத்திரி தரையில கொட்டச் சொல்றியா?" என்று இன்று காலையும் கேட்டாள்.

ஆடி வரைக்கும் அந்தக் கட்டி சும்மா இருக்குமா? எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"கிருத்திகைக்குத்தான் முருகன் மலைமேல இருப்பானா? இன்னிக்கு இல்லியா? கெளம்பு."

எழுந்து உள்ளே போனாள். பிறகு தலைக்கு எண்ணெய் தடவி, வாரி, அழகாகப் பின்னிக்கொண்டு வந்தாள். சாமிக்குக் கொடுப்பதைச் சிக்கோடு கொடுக்கக் கூடாதாம்.

மலைமேல் அவள் தலைகுனிந்து உட்கார்ந்ததும் என்னால் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் நானும் தலையைக் கொடுத்தேன்.

"உனக்கு இருக்கிற நாலு முடிக்கு இது வேறயா?" என்று சிரித்தாள்.

இப்போது சந்தனம் பூசிய தலையோடு தூங்குகிறாள். கண் மூடும் முன் சொன்னாள்: "கொட்டிடும் கொட்டிடும்னு பயமுறுத்திகினு இருந்தாரே அந்த டாக்டர். நாளைக்கு இன்னாத்த கொட்ட வெக்கிறாருன்னு பாக்கிறேன்."