கறுப்பு உடையில் வரும் அத்தை

செலோர்ம்,

சண்டை போட்ட களைப்பில் தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. எழுந்ததும் முதலில் இதைப் படியுங்கள்.

ஹோ ஊரிலிருந்து உங்கள் அகோர்ஃபா அத்தை வண்டி ஏறிவிட்டார். கறுப்பு உடையில், அழுதுகொண்டே. வேலை தேட, நான் வடிவமைத்த சுவரொட்டிகளைத் தொகுத்து இணையத்தில் போட்ட போர்ட்ஃபோலியோவை யாரோ குடும்ப வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். அதில் மாதிரிக்கு வைத்த இரங்கல் சுவரொட்டியில் இருப்பது உங்கள் முகம்தானே.

“அத்தை, அவர் உள்ள குறட்டை விட்டுட்டிருக்கார்” என்று போனில் சொன்னேன்.

“அதிர்ச்சியில அப்படித்தாம்மா கேக்கும். அழுதுடு” என்று வைத்துவிட்டார்.

கதவைச் சட்டென்று திறக்காதீர்கள், உங்களைப் பார்த்து மயங்கி விழுவார். முதலில் ஜன்னல் வழியாகக் குரல் கொடுங்கள். சோளமாவுக் கென்கேயும் பொரித்த மீனும் அவருக்கும் சேர்த்து மூடி வைத்திருக்கிறேன்.

“உயிரோட இருக்கிறவனை ஏன்டி செவுத்துல ஒட்டுறே?” என்று கத்தினீர்கள். வாடிக்கையாளர் வீட்டில் இறந்துபோனவர்களைக் காட்டி வேலை கேட்க எனக்கு மனம் வரவில்லை. பார்த்துப் பார்த்து அழகுபடுத்த என்னிடம் இருந்தது உங்கள் முகம் ஒன்றுதான். இப்போது அந்தச் சுவரொட்டியை இணையத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

எசினாம்

பி.கு.: எங்கே கிளம்பினேன் என்று சொல்லவில்லையே. நேர்காணல் முடிந்தும் பதிலே சொல்லாமல் இருந்த அச்சகத்து அம்மா காலையில் அழைத்தார்.

“அந்தப் போஸ்டரைப் பார்த்து எனக்கே கண் கலங்கிடுச்சு. உங்க வீட்டுக்காரர் போய் ரொம்ப நாளாச்சா?”

“இல்ல மேடம். இப்பத்தான் என்னோட சண்டை போட்டுட்டுப் படுத்தார்.”

வெகுநேரம் சிரித்துவிட்டு, “இன்னைக்கே வந்து சேர்ந்துடுங்க” என்றார்.

வேலை கிடைத்துவிட்டது, செலோர்ம். மீதிச் சண்டையைச் சாயங்காலம் வைத்துக்கொள்வோம்.